தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்தால்: எலும்புப்புரை பற்றி ஓர் எளிய விளக்கம்

அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி குளியலறை ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போடுகிறார்கள். சில வீடுகளில் புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போவார்கள். எப்படியோ ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடும். கை சரியாகிவிட்டது, பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாகிவிட்டது, அத்தோடு எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று அங்கே மிச்சமிருக்கிறது. மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே ஏன் எலும்பு முறிந்தது? அதே இடத்தில் அவருடைய பேத்தி விழுந்திருந்தால் சிராய்ப்போடு எழுந்து போயிருப்பாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு இப்படி லேசான விழுதலில் எலும்பு முறிந்தால், வேறு காரணம் இல்லை என்று உறுதியாகும் வரை எலும்புப்புரையைத்தான் மருத்துவம் முதலில் சந்தேகிக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் ஆஸ்டியோபோரோசிஸ் என்பது இதுதான். ஒரு முறை இப்படி முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் மிகவும் ஆபத்தான காலம். ஆகவே மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள் வைத்தியம் முடியும் நாள் அல்ல, உண்மையில் அன்றுதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். முழங்கால் வலிக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை, உட்கார்ந்து எழுந்தால் கடகடவென்று சத்தம் வருகிறது. இது மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. எலும்புப்புரை வேறு நோய். இதில் எலும்பின் அடர்த்தியும் உள் அமைப்பும் கெட்டுப் பலவீனமாகிவிடும், ஆனால் வலிக்காது. முறியும் வரை எந்தத் தொந்தரவும் கொடுக்காது. முழங்கால் வலிக்கிறவர் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதும், எலும்பு நிஜமாகவே மெலிந்தவர் வலியில்லையே என்று சும்மா இருப்பதும் நம் ஊரில் தினமும் நடக்கிறது.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பு என்றால் உயிரில்லாத கம்பி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. நடந்தும் சுமந்தும் எலும்பில் உண்டாகும் நுண்ணிய விரிசல்களை உடல் இப்படித்தான் பழுது பார்க்கிறது. இந்த வேலைக்கு இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பைக் கரைக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் அந்தப் பள்ளத்தில் புது எலும்பைக் கட்டும்.

வீட்டில் மராமத்து வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இடிக்கிற ஆள் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடுவார். கட்டுகிற கொத்தனார்தான் மாதக்கணக்கில் இழுப்பார். எலும்பிலும் அதே கதைதான். ஓர் இடத்தைக் கரைக்க இரண்டு மூன்று வாரம் போதும், அதை நிரப்பச் சில மாதங்கள் ஆகும். ஒரு நேரத்தில் சில இடங்களில் மட்டும் வேலை நடந்தால் பிரச்சினை இல்லை. பல இடங்களை ஒரே சமயத்தில் இடித்துப் போட்டால், கட்டும் வேலை பின்தங்கிப் போகும்.

முப்பது வயது வரை கட்டுவது முந்திச் செல்கிறது. ஒருவர் வாழ்நாளில் அடையும் அதிகபட்ச எலும்பு வலு ஏறக்குறைய அந்த வயதில் வந்துவிடும். அதன்பின் சில காலம் சமநிலை, அப்புறம் மெதுவான இறக்கம். பெண்களுக்கு மட்டும் நடுவில் ஒரு செங்குத்தான சரிவு வருகிறது. இடிக்கும் செல்களை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். மாதவிடாய் நிற்கும்போது அது வேகமாகக் குறைகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர், 1940களின் தொடக்கத்திலேயே இந்தத் தொடர்பைக் கவனித்து எழுதினார். முதுகெலும்பு நசுங்கி வந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்களாக இருந்ததுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் அது 51 வயதை ஒட்டி. அந்த வகையில் நம் பெண்களுக்கு இந்தச் சரிவு சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

எந்த எலும்பு முறிகிறது

எல்லா எலும்பும் ஒரே மாதிரி மெலிவதில்லை. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே தேனடை போன்ற சல்லடை அமைப்பு. இந்தச் சல்லடைப் பகுதிதான் முதலில் அழியும். அது அதிகமுள்ள இடங்கள் மூன்று: மணிக்கட்டு, முதுகெலும்பு, தொடை எலும்பு இடுப்பில் சேரும் கழுத்துப் பகுதி. பெரும்பாலும் முறிவதும் இந்த வரிசையில்தான். ஐம்பதுகளில் மணிக்கட்டு, அறுபதுகளில் முதுகெலும்பு, எழுபதைத் தாண்டினால் இடுப்பு.

முதுகெலும்பு முறிவு விசித்திரமானது. விழ வேண்டும் என்றுகூட இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும், குனிந்து பீரோவின் கீழ்த்தட்டை இழுக்கும்போதும், சில சமயம் பலமாக இருமும்போதும் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிடும். சிலருக்குக் கடுமையான முதுகுவலி வரும். ஆனால் இத்தகைய முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. ‘வாயு பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். வெளியே தெரியும் அடையாளம் உயரம் குறைவதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அளவாக இருந்த நைட்டி இப்போது தரையில் புரளும். மேல் அலமாரி டப்பா எட்டாமல் போகும். முதுகு கூனும். மார்புக்கூடு இறங்கி வயிற்றை அழுத்துவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், வயசானால் அப்படித்தான் என்று விடாமல் முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

இடுப்பு முறிவு அப்படி ஒளிந்துகொள்ளாது. விழுந்தவரால் எழுந்து நிற்க முடியாது. முறிந்த பக்கம் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். இதில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். கொல்வது பெரும்பாலும் எலும்பு முறிவு அல்ல, அதனால் படுக்கையில் கிடப்பதுதான். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும், கால் நரம்பில் ரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும். இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு, அப்படியே படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசுவது பாசத்தில்தான். ஆனால் வேறு தடை இல்லையென்றால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நடக்க வைப்பதுதான் அவரைக் காப்பாற்றும்.

யாருக்கெல்லாம் வரும்

உலக அளவில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கும், ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் இந்த வகை எலும்பு முறிவு வரும் என்பது கணக்கு. ஆண்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இது பொம்பளைங்க வியாதி என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு இடுப்பு முறிந்தால், பெண்களைவிட அவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள்.

வயதும் பாலினமும் நம் கையில் இல்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல். மெலிந்த உடல்வாகு, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவது, கர்ப்பப்பையோடு சேர்த்துச் சினைப்பையையும் எடுத்துவிடுவது, புகை, அளவு மீறிய மது, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, முடக்குவாதம், சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் காரணங்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சை எடுப்பவர்களுக்கும், வலிப்புக்குப் பல ஆண்டுகளாக ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் எலும்பு மெலியும்.

இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டியது ஸ்டீராய்டு. வீசிங்குக்கும் முடக்குவாதத்துக்கும் தோல் நோய்க்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை உயிர்காக்கும் மருந்து, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தினம் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் எலும்பு மெலியத் தொடங்கும், அதுவும் முதல் சில மாதங்களிலேயே வேகமாக. நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும்போதே எலும்புக்கான பாதுகாப்பையும் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அது வேறு ஆபத்து. இதைவிட மோசம், ஸ்டீராய்டு சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிடுவது. மூட்டுவலிக்கு இரண்டே நாளில் நிவாரணம் என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பி, பசி கூடி, வலி மாயமாய் மறைந்தால் சந்தேகப்படுங்கள்.

பரிசோதனை

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்தது தெரிய வேண்டுமென்றால் 30 சதவீதத்துக்கு மேல் போயிருக்க வேண்டும். அதற்குள் காலம் கடந்துவிடும். சரியான சோதனை டெக்ஸா ஸ்கேன். படுக்கையில் பத்து நிமிடம் படுத்தால் போதும், ஊசி கிடையாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. இடுப்பையும் கீழ் முதுகையும் அளந்து, ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டு, டி-ஸ்கோர் என்ற எண்ணைத் தருவார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் என்றால் சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் என்றால் அடர்த்தி குறைவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை.

ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வயதானவர்களுக்கு முதுகெலும்பில் தேய்மானத்தால் சுண்ணாம்பு படிந்து முனைகள் வளர்ந்திருக்கும். இயந்திரம் அதையும் எலும்பாகவே எண்ணிவிடும். முதுகு எண் நன்றாகவும் இடுப்பு எண் மோசமாகவும் இருந்தால், முதுகு எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அதேபோல், முறிவு ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2 என்றாலும் சிகிச்சை தேவைப்படலாம். எண் ஒரு துணைதான்.

கல்யாண மண்டபத்திலும் மருந்துக்கடை வாசலிலும் குதிகாலை ஒரு கருவியில் வைத்து இலவசமாகப் பார்க்கும் முகாம்கள் நடக்கின்றன. அது அல்ட்ராசவுண்ட். அதை வைத்து நோயை உறுதி செய்யவும் முடியாது, இல்லையென்று விடவும் முடியாது. அங்கிருந்து கிளம்பும்போது கையில் கால்சியம் டப்பா இருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

பொதுவாக 65 வயதான பெண்கள், 70 வயதான ஆண்கள், அதற்கு முன்பே மேலே சொன்ன காரணங்களில் ஏதாவது உள்ளவர்கள் டெக்ஸா எடுத்துக்கொள்ளலாம். எலும்புப்புரை என்று தெரிந்தால் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயும் இதே வேடத்தில் வரும் என்பதால், சந்தேகம் இருந்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு.

சாப்பாடும் வெயிலும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு வேளை காபியில் சேரும் பால் மொத்தம் 200 மில்லி என்று வைத்தால் அதில் சுமார் 240. ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தால் இன்னும் 130 போல. 50 கிராம் கேழ்வரகு மாவில் ஒரு தோசையோ களியோ செய்தால் ஏறக்குறைய 170. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும், எள்ளுப்பொடி ஒரு ஸ்பூனும் சேர்ந்தால் 700-ஐ நெருங்கலாம். இதில் தயிரும் கேழ்வரகும் கீரையும் இல்லாத நாளை நினைத்துப் பாருங்கள். இட்லி, சாதம், ரசம், மறுபடி தோசை என்று போகும் நாளில் முந்நூறைத் தாண்டினாலே பெரிய விஷயம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு மெல்லும் நெத்திலி நல்லது. கேழ்வரகை முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ கால்சியம் இன்னும் நன்றாகச் சேரும். பாலக்கீரையில் ஆக்சலேட் அதிகம் என்பதால், அதிலுள்ள கால்சியம் உடலில் அவ்வளவாகச் சேராது. புரதத்தையும் மறக்கக் கூடாது. ராத்திரி இரண்டு இட்லி போதும் என்று பல வருடம் ஓட்டும் பெரியவர்களுக்கு எலும்பும் மெலியும், அதைத் தாங்கும் தசையும் மெலியும்.

சாப்பிட்ட கால்சியம் குடலிலிருந்து உள்ளே போக வைட்டமின் டி வேண்டும். இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் அதற்கா பஞ்சம் என்று தோன்றும். திருப்பதிப் பகுதியில் நகரத்தாரிடமும் கிராமத்தாரிடமும் நடந்த ஆய்வில் இரு தரப்பிலுமே பற்றாக்குறை பரவலாக இருந்தது. காலை ஏழு மணி இளவெயில் உடம்புக்கு நல்லது என்பார்கள், ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர்கள் அந்த நேரத்தில் மிகக் குறைவு. பத்து, பத்தரைக்கு மேல் கையும் முகமும் கழுத்தும் படும்படி இருபது முப்பது நிமிடம் நின்றால்தான் பலன். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் எதுவும் கிடைக்காது. சித்திரை வெயிலில் எழுபது வயதுக்காரரை நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களுக்கு மாத்திரையே மேல். அதிலும் ஒரு எச்சரிக்கை: 60,000 யூனிட் உள்ள வைட்டமின் டி பெரும்பாலும் வாரம் ஒன்று என்ற கணக்கில் சில வாரங்களுக்கு எழுதப்படுவது. அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக அவசர சிகிச்சைக்கு வருபவர்கள் உண்டு.

கால்சியம் மாத்திரை உணவில் குறைவதை நிரப்ப மட்டும்தான். அட்டையில் 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500தான். சாப்பாட்டோடு சேர்த்து எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் நான்கு மணி நேர இடைவெளி தேவை, இல்லையென்றால் தைராய்டு மாத்திரை வீணாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்க்காதீர்கள்.

நடையும் விழாமல் இருப்பதும்

பாரம் ஏறினால்தான் எலும்பு வலுக்கும். விண்வெளியில் எடையற்று மிதக்கும் வீரர்களுக்கு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இடுப்பு எலும்பு குறைகிறது. வேக நடை, படியேறுதல், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சிறிய எடை தூக்குதல் எல்லாம் நல்லது. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு உதவும், எலும்புக்கு அவ்வளவாக உதவாது. முதுகெலும்பு ஏற்கெனவே மெலிந்தவர்கள் குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்களை விட்டுவிட வேண்டும், பச்சிமோத்தாசனமும் அதில் அடக்கம். நசுங்குவதற்கு அதுவே போதும்.

எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தாலும், விழாவிட்டால் இடுப்பு முறிவது அபூர்வம். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, உட்கார்ந்து எழச் சிரமப்படுபவர்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட், வாசலில் மடங்கிக் கிடக்கும் கால்மிதியை அகற்றுவது ஆகிய நாலும் பல மருந்துகளுக்குச் சமம். கண்புரையைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்க மாத்திரையும், எழுந்து நின்றதும் தலைசுற்ற வைக்கும் பிரஷர் மாத்திரையும் தேவையான அளவில்தான் இருக்கின்றனவா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மருந்துகள்

எலும்புப்புரை உறுதியானபின் கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் போதாது. இடிக்கும் செல்களை அடக்க மருந்து வேண்டும். அதிகம் எழுதப்படுவது அலென்ட்ரோனேட், வாரம் ஒரு முறை 70 மில்லிகிராம். விலையும் அதிகமில்லை. சாப்பிடும் முறையில்தான் சூட்சுமம். காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேராது, விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இது ஒத்துவராதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. முதல் தடவை ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், பாராசிட்டமாலில் அடங்கிவிடும்.

இவற்றைப் பற்றி இணையத்தில் படித்துப் பயந்துபோய் நிறுத்துபவர்கள் நிறைய. தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போவதும், தொடை எலும்பு குறுக்கே முறிவதும் உண்மையான பக்கவிளைவுகள்தான், ஆனால் மிக அரிது. பல் பிடுங்கும் வேலை இருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். சாப்பிடும் காலத்தில் தொடையில் காரணமில்லாத வலி வந்தால் உடனே சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழித்து, நிலைமை சீராக இருந்தால் டாக்டரே இடைவேளை விடுவார். இந்த மருந்து எலும்பிலேயே தங்கியிருப்பதால் அப்போதும் ஓரளவு வேலை செய்யும்.

டெனோசுமாப் அப்படி அல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் போடும் ஊசி, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அடுத்த ஊசியைத் தவறவிட்டால் அடங்கியிருந்த செல்கள் மொத்தமாக எழுந்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கலாம். மகன் வெளிநாடு போய்விட்டான், கூட்டிப்போக ஆளில்லை என்று தள்ளிப்போடக் கூடிய ஊசி இல்லை இது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். மிகவும் மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு, புது எலும்பைக் கட்டத் தூண்டும் டெரிபராடைட் ஊசியைத் தினமும் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு மேல் தருவதில்லை. முடிந்ததும், கட்டியதைக் காக்க அலென்ட்ரோனேட் போன்ற ஒன்றைத் தொடர வேண்டும்.

சிகிச்சை தொடங்கி ஒன்று அல்லது இரண்டு ஆண்டு கழித்து டெக்ஸா மறுபடி எடுப்பார்கள். முதலில் எடுத்த அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுத்தால்தான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண் ஏறாமல் அப்படியே நின்றிருந்தாலும் மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சிகிச்சை இல்லாமல் இருந்திருந்தால் அது இன்னும் இறங்கியிருக்கும்.